எந்த வெளிச்சத்தில் நிற்க வைப்பது?

பெரியம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதம் இருக்கும். சட்டம் போட்டு மாட்ட ஒரு நல்ல படம் எடுத்துக்கொடு என்றார். மொட்டைமாடியில், வானம் நீலமாகத் தெரிந்த பக்கமாக அவரை நிற்க வைத்தேன். பகல் 11 மணி. இருபது படத்துக்கு மேல் எடுத்திருப்பேன். ஒன்றில்கூட அவர் கண் முழுதாகத் திறந்திருக்கவில்லை. புருவம் நெரிந்து, கன்னம் மேலேறி, யார் மீதோ கோபமாக இருப்பவர் போலத் தெரிந்தார். "போதும்டா, கண்ணு கூசுது" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டு அறையின் வாசலுக்குள் ஒதுங்கினார். அங்கே நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் இன்னும் வெயிலில் நிற்பதைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் எடுத்தேன். முகம் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். இரண்டு கருவிழியிலும் வெளியே இருந்த வானம், வாசல் நிலையின் வடிவத்தில் சின்ன வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது. இன்று சுவரில் இருப்பது அந்தப் படம்.

வெளியில் முகப்படம் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேமரா, லென்ஸ், பின்னணி என்று யோசித்துவிட்டுத்தான் வெளிச்சத்துக்கு வருவார்கள். வெளிச்சத்திலும் எது அழகு என்றுதான் கேட்பார்கள். நான் அன்றிலிருந்து வேறொன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே நிற்பவர் கண்ணைச் சுருக்காமல் என்னைப் பார்க்க முடியுமா? வெயில், நிழல், மேகமூட்டம், அந்தி, கையில் கிடைத்ததை வைத்து நாமே உண்டாக்கும் வெளிச்சம் என்று எல்லாவற்றையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிடப் போகிறேன்.

நடுப்பகல் வெயிலில் தொடங்கலாம். நமக்கு நேரம் கிடைப்பதும் பெரும்பாலும் அப்போதுதான். சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பூமியிலிருந்து பார்க்கும்போது வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம் என்பதால் நிழல் கத்தியால் வெட்டியது போல விழும். தலைக்கு மேலிருந்து வருவதால் அந்த நிழல் சரியாகக் கண்குழியிலும் மூக்குக்குக் கீழும் போய் உட்காரும். முகத்தை மேலே தூக்கச் சொன்னால் கண் கூசும். கீழே குனியச் சொன்னால் கண்ணே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் வழியில்லை. தோலில் எண்ணெய்ப் பசையோ வியர்வையோ இருந்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைத் திட்டுகள் வேறு. நிறம் ஆழ்ந்த தோலில் இந்தத் திட்டுகள் இன்னும் எடுப்பாகத் தெரியும். சுருக்கமும் தழும்பும் சொல்லும் கதைக்காகவே எடுக்கிற படங்களுக்கு இந்த முரட்டு வெயில் பொருந்தும். மற்றபடி நேர்முகமாக நடுப்பகல் வெயிலில் யாரையும் நிற்க வைக்காதீர்கள்.

ஆனால் அதே வெயிலில் ஆளை அப்படியே திருப்பி, சூரியனுக்கு முதுகு காட்ட வைத்தால் கதை மாறிவிடுகிறது. கண் கூசாது. தலைமுடியின் ஓரத்திலும் தோளிலும் ஒரு வெள்ளிக்கோடு விழும்; அது ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். முகம் நிழலில் இருக்கும், அதனால் சீராகவும் இருக்கும். சிக்கல் கேமராவுக்குத்தான். தான் பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக்குவதுதான் வெளிச்சம் அளக்கும் மீட்டரின் இயல்பு. பின்னால் பளீரென்று வெயில் இருந்தால் அது பயந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் பதியும் வெளிச்சத்தை, கூட்ட வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). போனில் என்றால் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளலாம். வானம் வெளுத்துப்போகத்தான் செய்யும். அதற்கு மாற்று, வானமே பின்னணியில் வராதபடி நிற்பது. பின்னால் அடர்ந்த மரமோ நிழலில் இருக்கும் சுவரோ வந்தால் அந்த வெள்ளிக்கோடும் கூடுதலாக மின்னும். லென்ஸுக்குள் நேராக வெயில் விழுந்து படம் பால் ஊற்றியது போல மங்கினால், லென்ஸுக்கு மேலே கையையோ ஒரு அட்டையையோ குடையாகப் பிடித்தால் போதும். மதியம்தான் எடுத்தாக வேண்டும், ஒதுங்க நிழல் எதுவும் இல்லை என்றால் என் தேர்வு இந்த எதிர்வெயில்தான். குழுவாகப் பத்துப் பேர் நிற்கும்போதும் இதுவே. எல்லோர் கண்ணும் திறந்திருக்கும்.

காலை மாலை இளவெயிலைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எல்லோரும் அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள். அதன் நிறமும் சாய்வும் அழகு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. முதலாவது, அது இருக்கும் நேரம். சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 டிகிரிக்குள் வரும் நேரத்தைத்தான் பொன்வேளை என்கிறோம். வானத்தில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் அது ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் அந்த 6 டிகிரியை 25 நிமிடத்துக்குள் கடந்துவிடும். துருவத்தை நோக்கிப் போகப் போகச் சாய்வாக இறங்கும். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேலும் கிடைக்கும். வடக்கு நாட்டில் இருப்பவர் எழுதிய அறிவுரையைப் படித்துவிட்டு, ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி வெப்ப நாட்டில் இருப்பவர் கிளம்பினால் ஏமாற்றம்தான். இரண்டாவது, கண். தாழ்ந்த சூரியன் நேராகக் கண்ணுக்குள் வரும். அடிவானத்தைத் தொடும் கடைசிச் சில நிமிடங்களில்தான் அதைச் சாதாரணமாக எதிர்கொள்ள முடியும். அதற்கு முன்னால் என்றால் முகத்தைச் சூரியனிலிருந்து விலக்கி, கன்னத்தில் மட்டும் வெயில் படும்படி பக்கவாட்டில் திருப்பி நிற்க வைப்பேன். இல்லையென்றால் எதிர்வெயில். உங்கள் நிழலே நீளமாகப் போய் அவர் மேல் ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நிழல். எல்லா நிழலும் ஒன்றல்ல. இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கலாம், ஏனென்றால் பத்தில் எட்டுத் தடவை நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான்.

கட்டிடத்தின் நிழல் தரையில் விழுந்திருக்கிறது, மேலே திறந்த வானம் என்று வைத்துக்கொள்வோம். நேர்வெயில் இல்லை, கண் கூசாது. ஆனால் வெளிச்சம் முக்கால்வாசி மேலே இருக்கும் வானத்திலிருந்து வருகிறது. அதனால் கண்குழி லேசாக இருண்டே இருக்கும். முகம் கொஞ்சம் களைத்தாற்போலத் தெரியும். அதே ஆளை ஒரு கூரையின் கீழ், கூரை விளிம்பிலிருந்து ஓர் அடி இரண்டு அடி உள்ளே நிறுத்தி, வெளியே பார்க்கச் சொல்லுங்கள். மேலிருந்து வருவதைக் கூரை மறைத்துவிட்டது. இப்போது வருவதெல்லாம் எதிரே இருக்கும் வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் சமமட்டத்தில் வரும் வெளிச்சம். அது கண்குழிக்குள் போகும். பெரியம்மாவுக்குப் படிக்கட்டு அறை வாசல் செய்தது இதைத்தான். வாகனம் நிறுத்தும் கூடம், வராந்தா, பாலத்தின் அடி, அகலமான கதவு, பேருந்து நிழற்குடை, எதுவானாலும் சரி. விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே என்பதுதான் நம் கையில் இருக்கும் கட்டுப்பாடு. ஓர் அடி உள்ளே போனால் பளிச்சென்று இருக்கும். நான்கைந்து அடி போனால் வெளிச்சம் குறைந்து, முகத்தில் ஏற்ற இறக்கம் கூடி, பின்னால் இருட்டு சேரும். ஒவ்வொரு அடியாகப் பின்னே போகச் சொல்லி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் அந்த முகம் அவருடைய முகமாக இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே இடத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கையை நீட்டி விரல்களை முஷ்டியாக மடக்கி, முகம் இருக்கப்போகும் உயரத்தில் பிடியுங்கள். அப்படியே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். விரல் கணுக்களுக்கு இடையில் இருக்கும் பள்ளத்தில் நிழல் எந்தப் பக்கம் திரும்பும்போது இளகுகிறது, எந்தப் பக்கம் கெட்டிப்படுகிறது என்று பாருங்கள். அந்தப் பள்ளம்தான் கண்குழி, கணுதான் மூக்கு. நான் இன்றைக்கும் எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் செய்வது இதைத்தான்.

மரநிழலை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். இலை அடர்த்தியாக இல்லையென்றால் முகத்தில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும். ஒரு பொட்டு கண்ணில் விழுந்தாலும் அந்தக் கண் சுருங்கிவிடும். இலை வழியே வரும் வெளிச்சமும், கீழே புல்தரையில் பட்டு எழும் வெளிச்சமும் பச்சையாக இருக்கும். தாடைக்கு அடியில் அந்தப் பச்சை ஒட்டிக்கொள்ளும், பிறகு கணினியில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. மரத்தின் நடுவே நிற்காமல் அதன் நிழல் முடியும் ஓரத்துக்கு வந்து, திறந்த வெளியைப் பார்த்தபடி நின்றால் இரண்டு தொல்லையும் பெருமளவு குறையும். எதிரே இருக்கும் சுவரின் நிறமும் அப்படித்தான். சிவப்புச் சுவருக்கு எதிரே நின்றால் கன்னம் சிவக்கும்.

நிழலுக்கு இரண்டு குறை உண்டு. வெளிச்சம் குறைவு: பளீரென்ற வெயிலில் கிடைப்பதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான். இன்றைய கேமராவுக்கும் போனுக்கும் அது தாராளம். இன்னொன்று நிறம். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் கூடினால் நீலம் கூடும். நண்பகல் வெயில் சுமார் 5500 கெல்வின்; நீல வானம் மட்டும் ஒளியூட்டும் நிழல் 7000, 8000 வரை போகும். முகம் நீலம் பாரித்துத் தெரிவது அதனால்தான். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை நிழல் என்ற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

நிழலை ஏதோ வேறு வழியில்லாதவர்களின் தேர்வாக நினைக்க வேண்டாம். ரிச்சர்ட் அவெடான் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளர்கள், பண்ணையாட்கள், நாடோடிகள் என்று நூற்றுக்கணக்கானவர்களைப் படமெடுத்தார். எந்த விளக்கையும் வாங்கும் வசதி அவருக்கு இருந்தது. அவர் செய்தது, நிழலில் ஒரு வெள்ளைக் காகிதத்தை மாட்டி, அதன் முன் ஆளை நிறுத்தி, 8க்கு 10 அங்குல பிலிம் கேமராவில் எடுத்ததுதான்.

மேகமூட்டத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கே நின்றாலும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். நேரக் கவலை இல்லை. ஓடியாடும் குழந்தைக்கும் பெரிய குழுவுக்கும் இதைப்போல வசதி வேறில்லை. ஆனால் அதுவும் மேலிருந்து வருவதுதான். தாடையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லுங்கள், அல்லது இங்கேயும் ஒரு கூரை விளிம்பைத் தேடுங்கள். வெளிறிய வானத்தைப் படத்துக்குள் வர விடாதீர்கள்.

அப்புறம், நாமே உண்டாக்கிக்கொள்ளும் வெளிச்சம். இங்கேதான் பணத்தைக் கொட்டுகிறார்கள். வீட்டில் இருக்கும் பொருளே பெரும்பாலும் போதும் என்பது என் அனுபவம். மாலியின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டுடியோ தொடங்கிய செய்தூ கெய்த்தா பெரும்பாலும் முற்றத்து வெளிச்சத்தில்தான் எடுத்தார். அவருடைய முதல் பின்னணித் திரை அவருடைய படுக்கை விரிப்பு.

வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதற்கு வெள்ளையா, வெள்ளியா என்பது முதல் தேர்வு. தெர்மாகோல் பலகை, வெள்ளை அட்டை, நான்காக மடித்த படுக்கை விரிப்பு எல்லாம் வெள்ளை வகை. வெளிச்சத்தைச் சிதறடித்து மென்மையாக அனுப்பும். பலம் குறைவு, அதனால் முகத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்தால்தான் வேலை செய்யும். காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் வைக்கும் வெயில் மறைப்பு, அலுமினியத் தாள் ஒட்டிய அட்டை எல்லாம் வெள்ளி வகை. பலம் அதிகம், மூன்று நான்கு மீட்டர் தள்ளி வைத்தாலும் எட்டும். ஆனால் வெயிலில் வெள்ளியைத் திருப்புவது இரண்டாவது சூரியனை அவர் கண்ணில் அடிப்பதற்குச் சமம். முதுகு காட்டி நிறுத்தி நாம் காப்பாற்றிய கண்ணை இது மறுபடி கூச வைத்துவிடும். முகப்படத்துக்கு நான் வெள்ளையையே எடுப்பேன். வெள்ளி மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுவேன்.

வைக்கும் இடமும் முக்கியம். மடியில் வைத்துக் கீழிருந்து மேலே அடித்தால் பேய்க்கதை சொல்பவர் முகமாகிவிடும். மார்பு உயரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில், வெளிச்சம் குறைந்த கன்னத்தின் பக்கமாகப் பிடியுங்கள். மெதுவாகத் திருப்பும்போது கண்ணுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி எழுந்து வரும். அது வந்த இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி அணிந்தவர் என்றால் அதே வெள்ளை அவர் கண்ணாடியிலும் பலகையாகத் தெரியும். பலகையை இன்னும் பக்கவாட்டில் தள்ளுங்கள், இல்லையென்றால் கண்ணாடிக் காம்பைக் காதுக்கு மேல் ஓர் அரை விரல் உயர்த்தச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல பிரதிபலிப்பான் ஒன்று இருக்கிறது. யாரும் பிடிக்கவும் வேண்டாம். வெயில் விழும் வெள்ளைச் சுவர். அதற்கு எதிரே, தெருவின் மறுபக்க நிழலில் ஆளை நிற்க வைத்துச் சுவரைப் பார்க்கச் சொன்னால், வீட்டளவு பெரிய விளக்கு எதிரே இருப்பது போல. அவ்வளவு பெரிய பரப்பிலிருந்து வரும் வெளிச்சத்தில் ஆழ்ந்த நிறத் தோல் மின்னும் விதத்தைப் பார்க்க வேண்டும்: வெயிலில் திட்டாக விழுந்த அதே பளபளப்பு, இங்கே கன்ன எலும்பின் மேல் நீளமாகப் படர்ந்து முகத்துக்கு வடிவம் கொடுக்கும். கேமராவை மட்டும் முகத்தைப் பார்த்து அளக்க வையுங்கள்.

வெளிச்சத்தைத் திருப்புவதா, வடிகட்டுவதா என்பது அடுத்தது. மெல்லிய வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தால் அரை டிகிரிச் சூரியன் துணியளவு பெரிய விளக்காகிவிடும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும். முகத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு மென்மை. நடுப்பகலில் நேர்முகமாக எடுத்தே தீர வேண்டும் என்றால் இதுதான் வழி. ஆனால் பிடிக்க இரண்டு பேர் வேண்டும், காற்று இருக்கக்கூடாது, ஒரு தலைக்கு மேல் அடங்காது. பின்னணி இன்னும் வெயிலில் இருப்பதால் அது முகத்தைவிடப் பளீரென்று வெளுத்துத் தெரியும். நான் தனியாகப் போகும் நாட்களில் துணியை எடுத்துப் போவதே இல்லை.

கறுப்புத் துணியை மட்டும் எப்போதும் எடுத்துப் போகிறேன். மேகமூட்டத்திலும் நிழலிலும் சில முகங்கள் தட்டையாக விழும். ஒரு பக்கக் கன்னத்தின் அருகே கறுப்புத் துணியையோ கறுப்புக் குடையையோ பிடித்தால் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த வெளிச்சம் நின்றுவிடும், தாடைக்கோடு எழுந்து வரும். வெளிச்சத்தைக் கூட்டத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. குறைப்பதிலும் இவ்வளவு இருக்கிறது.

ஃபிளாஷ் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. வெயிலில் லென்ஸ் திறப்பு எஃப் 16 (எண் குறைந்தால் திறப்பு பெரிதாகும்) என்றால் ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐஎஸ்ஓ எனப்படும் உணர்திறன் எண்ணின் தலைகீழ் என்பது பிலிம் காலத்து விதி: ஐஎஸ்ஓ 100க்கு 1/100 நொடி. பின்னணியை மங்கலாக்க எஃப் 2.8க்கு வந்தால் ஷட்டர் 1/3200 ஆக வேண்டும். பெரும்பாலான கேமராக்களில் சாதாரண ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஷட்டரோடு ஒத்துப்போகும். அதைத் தாண்ட அதிவேக ஒத்திசைவு உள்ள ஃபிளாஷோ லென்ஸின் முன் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்பு ஃபில்டரோ தேவை. முடியாத காரியமல்ல. ஆனால் தொடக்கத்தில் இருப்பவருக்கு, எடுத்தபின் தெரியும் வெளிச்சத்தைவிட எடுக்கும் முன்பே கண்ணால் பார்க்க முடிகிற தெர்மாகோல் நல்ல ஆசிரியர்.

சூரியன் மறைந்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள். அடுத்த 20 நிமிடம், சூரியன் இறங்கிய பக்கத்து வானம் முழுவதும் ஒரே பெரிய விளக்கு. அதைப் பார்த்து நிற்பவர் கண்ணை அகல விரித்துப் பார்க்கலாம்; கருவிழியில் அடிவானமே தெரியும். ஐஎஸ்ஓவை 1600 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். ஷட்டர் 1/125க்குக் கீழே போகாமல் பாருங்கள். ஆள் சிலையாக நிற்பார் என்றால் 1/60.

முழு இருட்டில் கையில் இருப்பது டார்ச், போன், வாகன விளக்கு. எதையும் நேராக முகத்தில் அடிக்காதீர்கள். டார்ச்சை வெள்ளைச் சுவரிலோ வெள்ளை அட்டையிலோ அடித்து, அதிலிருந்து திரும்பும் வெளிச்சத்தில் எடுங்கள். வாகன விளக்கையும் அப்படித்தான். ஒரு வெள்ளை விரிப்பை அதன் எதிரே பிடித்துத் திருப்பினால், உயரக் குறைவும் கண் கூச்சமும் ஒரே நேரத்தில் தீரும். போன் திரையில் வெள்ளைப் படத்தை வைத்து முகத்துக்கு இரண்டு அடி தூரத்தில் பிடித்தால் நெருக்கமான ஒரு படம் கிடைக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழ் எடுத்தால் தோலின் நிறம் எந்தத் திருத்தத்திலும் முழுதாக மீளாது. அந்த வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைக் கேமரா எங்கே போய் எடுக்கும்? அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடுவதே நேர்மை. எல்இடி தெருவிளக்கில் படத்தில் பட்டை பட்டையாக விழுந்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60.

போன மாதம் பெரியம்மா மறுபடி கேட்டார், இந்த முறை பேத்தியோடு சேர்ந்து. குழந்தைக்கு இரண்டு வயது. பலகை பிடித்தால் பலகையைத்தான் பார்ப்பாள், துணி விரித்தால் துணிக்குத்தான் தாவுவாள். காலை 9 மணிக்கே வாசல் பக்கக் கூரை விளிம்பில் என் முஷ்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதிரே வெயில் விழுந்த தரையில் ஒரு வெள்ளை விரிப்பை மட்டும் போட்டேன். இருவரையும் வாசல் படியில் உட்கார வைத்துவிட்டு, அவர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும் என்று காத்திருந்தேன்.